போன் அடித்ததாமே? எம்எச் 370 பற்றிக் கேட்ட பிள்ளைக்கு

கேள்வி இதுதான்: "ஐயா, மலேசிய விமானம் எம்எச் 370 காணாமல் போய் இவ்வளவு வருஷமாகியும் எங்கட வீட்டில அந்தக் கதை ஓயேல்லை. அமெரிக்கன்ர தீவொண்டில இறக்கி ஒளிச்சு வைச்சிருக்கெண்டு மாமா அடிச்சுச் சொல்லுறார். கனடாச் சித்தப்பா மாசத்துக்கொரு வீடியோ அனுப்புறார். போன ஆக்களின்ர போன் நாலு நாளா அடிச்சதாமே? கைக்குள்ள இருக்கிற போனையே வானத்திலயிருந்து பிடிக்கிற காலத்தில இவ்வளவு பெரிய பிளேனை ஏன் பிடிக்க ஏலாது? எது உண்மை, எது புளுகு?"

கேட்டது ஏ.எல். பௌதிகவியல் படிக்கிற பிள்ளை. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

சுருக்கம் வேண்டுமென்றால் இவ்வளவுதான். விமானம் எந்தப் பக்கம் போய் முடிந்தது என்பது பெரும்பாலும் தெரியும்: தெற்கு இந்து சமுத்திரம், அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கு மேற்கே நெடுந்தூரம். யார் திருப்பினார்கள், ஏன் திருப்பினார்கள் என்பது தெரியாது. மாமாவின் கதையும் சித்தப்பாவின் வீடியோக்களும் செய்கிற வேலை, அந்த "ஏன்" என்பதிலுள்ள இருட்டை அள்ளி "எங்கே" என்பதன் மேல் பூசுவது.

நான் விமானக்காரன் இல்லை. சரக்குக் கப்பல்களில் ரேடியோ ஒபிசராக இருந்தவன். 1999 பெப்ரவரியோடு மோர்ஸ் போய்ப் புதிய அவசரத் தொடர்பு முறை முழுதாக வந்ததும், அந்த வேலையே கப்பல்களிலிருந்து கழன்றுபோனது. ஆனால் எம்எச் 370இன் கதையில் கடைசிவரை வாய்திறந்த ஒரே சாட்சி இன்மார்சாட் செய்மதி. கப்பலில் நாங்கள் வீட்டுக்குப் பேசியதும் காலநிலை அறிக்கை எடுத்ததும் அந்த நிறுவனத்தின் செய்மதிகள் வழியாகத்தான். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

2014 மார்ச் 8, சனிக்கிழமை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. நடுச்சாமம் தாண்டி 12:42க்குக் கோலாலம்பூரிலிருந்து பீஜிங்குக்குக் கிளம்பிய போயிங் 777, 239 பேரோடு தொடர்பில்லாமல் போய்விட்டது. எங்கள் ஊருக்கு மலேசியா தூரதேசம் இல்லை. மலாயா ரயில்வேயில் வேலைபார்த்து, பென்சனோடு வந்து கட்டின கல்வீடுகள் இன்னும் ஒழுங்கைக்கு ஒழுங்கை நிற்கின்றன. அதனால் செய்தி வெகு வேகமாகப் பரவியது. மத்தியானத்துக்குள் மூன்று கதை தயார். கடலில் விழுந்தது, கடத்திப் போய்விட்டார்கள், வியட்நாமில் பத்திரமாக இறங்கிவிட்டது. மூன்றாவதைச் சொன்னவர் ஆதாரமும் வைத்திருந்தார்: அவருடைய மச்சானுக்குக் கோலாலம்பூரிலிருந்து யாரோ சொன்னார்களாம்.

ஏன் பிடிக்க முடியவில்லை என்ற உன் கேள்விக்கு வருகிறேன். விமானத்தை எல்லா நேரமும் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பே பிழை. கரையிலுள்ள ராடர் நேர்கோட்டில்தான் பார்க்கும், பூமி வளைவு. உயரப் பறக்கிற விமானமானாலும் நானூறு கிலோமீற்றர் அளவில் பார்வை முடிந்துவிடும். அதற்கப்பால் நடுக்கடலில் விமானம் தானாகச் சொன்னால்தான் அது இருக்கும் இடம் தெரியும். ராடரின் எல்லைக்குள்ளும், தான் யார், எந்த உயரம் என்று ராடருக்குப் பதில் சொல்கிற கருவி டிரான்ஸ்பொன்டர். அது பேசாவிட்டால் கட்டுப்பாட்டு நிலையத்தின் திரையிலிருந்து விமானம் மறைந்துவிடும். எம்எச் 370இல் அது 1:21 அளவில் பேச்சை நிறுத்தியது. மலேசியாவின் வான்பரப்பு முடிந்து வியட்நாமின் பரப்பு தொடங்குகிற இடம் அது. இரண்டு காணிக்கு நடுவிலுள்ள வேலி மாதிரி. இந்த வீட்டுக்காரர் அவர் பார்ப்பார் என்று இருப்பார், அந்த வீட்டுக்காரர் இவர் பார்ப்பார் என்று இருப்பார். வியட்நாம் பக்கம் "இன்னும் வரேல்லையே" என்று கேட்கப் பதினெட்டு நிமிடம் போனது. விமான நிறுவனமோ, விமானம் கம்போடிய வான்பரப்பில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் பார்த்தது, விமானம் இந்நேரம் இங்கே இருக்கவேண்டும் என்று கணினி போட்ட கணக்கு. தேடுதல் மீட்பு நிலையத்தை எழுப்பும்போது நான்கு மணித்தியாலம் கடந்துவிட்டது.

அதற்கிடையில் விமானம் இடப்பக்கம் திரும்பி, மலேசியத் தீபகற்பத்தைக் குறுக்கறுத்து, பினாங்கைச் சுற்றி, மலாக்கா நீரிணைக்கு மேலால் வடமேற்கே போயிருந்தது. இராணுவ ராடர் அதைப் பதிந்தது. 2:22க்கு அந்தப் புள்ளியும் மறைந்தது.

இனித்தான் செய்மதி. பௌதிகவியல் பிள்ளைக்குப் பிடிக்கிற இடம் இது.

விமானத்தின் செய்மதிக் கருவி பேசாமல் சும்மா இருந்தாலும், தரை நிலையம் அதைச் சும்மா விடாது. ஒரு மணித்தியாலம் சத்தமில்லையென்றால் "இருக்கிறியா?" என்று தட்டிப் பார்க்கும். கருவி "ஓம், இருக்கிறன்" என்று திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான், இடமும் சொல்லாது, திசையும் சொல்லாது. ஆனால் பேர்த்திலிருந்த நிலையம், கேள்வி போய்ப் பதில் வர எடுத்த நேரத்தையும் குறித்து வைத்திருந்தது. நேரம் தெரிந்தால் தூரம் தெரியும். முளையில் கட்டிய ஆடு கயிறு விறைக்க நிற்கிறதென்று வை. கயிற்றின் நீளம் தெரிந்தால் ஆடு எந்த வட்டத்தில் நிற்கிறது என்று சொல்லலாம். வட்டத்தில் எந்தப் புள்ளி என்று சொல்ல முடியாது. முளை இங்கே இந்து சமுத்திரத்துக்கு மேல் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிற செய்மதி. 2:25 தொடக்கம் 8:19 வரை ஏழு கயிறு, ஏழு வட்டத்துண்டு.

வடக்கா தெற்கா? கொடிகாமம் கடவையில் நிற்கும்போது யாழ்தேவி ஊதிக்கொண்டு வந்தால் சத்தம் ஒரு மாதிரி, தாண்டிப் போனதும் இன்னொரு மாதிரி இறங்கும். டொப்ளர், படித்திருப்பாய். செய்மதிக்குப் போன அலையின் அதிர்வெண்ணிலும் அப்படி ஒரு சின்னப் பிசகு இருந்தது. விமானக் கருவி தன்னுடைய வேகத்துக்குத் தானே திருத்தம் போட்டுத்தான் அனுப்பும். ஆனால் செய்மதி அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிறதென்று நினைத்துத் திருத்தம் போடும். அது பழைய செய்மதி, மெல்ல வடக்கும் தெற்குமாக ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தால் திருத்தத்தில் மிஞ்சிய பிசகு, வடக்கே போயிருந்தால் ஒருவிதம், தெற்கே போயிருந்தால் வேறுவிதம். பதிவில் இருந்தது தெற்கின் கணக்கு. ஒரு செய்மதி கிழடாகிப் போனதால் கிடைத்த துப்பு. எங்கள் காலத்துக் கருவிகளைத் தூக்கி எறிந்தவர்களுக்கு இதை ஒருதரம் சொல்லிக்காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

8:19க்கு வந்த கடைசிச் செய்தி, தரை நிலையம் தட்டிக் கேட்டு வந்ததல்ல. விமானக் கருவியே புதிதாக இணையக் கேட்டது. பெரும்பாலும் மின்சாரம் போய்த் திரும்ப வந்தால் அப்படிக் கேட்கும். எரிபொருள் தீர்ந்து எஞ்சின்கள் நின்று, துணை மின்னாக்கி கொஞ்ச நேரம் எழும்பியிருக்கிறது. அப்போதைய அதிர்வெண் விமானம் வேகமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்ததைக் காட்டுகிறது. 9:15க்கு நிலையம் மறுபடி தட்டியது. பதில் இல்லை.

இவ்வளவு தெளிவாக இருக்கும்போது ஏன் சனம் நம்பவில்லை? இதில் நான் சனத்தைக் குறைசொல்ல மாட்டேன். முதல் கிழமை முழுக்கக் கப்பல்களும் விமானங்களும் தென்சீனக் கடலில் தேடின. விமானம் மேற்கே திரும்பியதை இராணுவ ராடர் முதல் நாளே பதிந்திருந்தது. யாரோ வேண்டுமென்றே திருப்பியிருக்கிறார்கள் என்று மலேசியப் பிரதமர் நஜீப் ரசாக் சொன்னது மார்ச் 15. விமானியறையிலிருந்து வந்த கடைசி வார்த்தை "ஓல் ரைட், குட் நைட்" என்றார்கள். உலகம் முழுக்க அந்த "ஓல் ரைட்"டை வைத்து விமானியின் மனநிலையை ஆராய்ந்தது. மாத முடிவில் திருத்தினார்கள்: "குட் நைட், மலேசியன் த்ரீ செவன் ஸீரோ." வழக்கமாகச் சொல்கிற சொல்தான். மார்ச் 24 அன்று, எல்லாம் முடிந்தது என்ற செய்தி சில சீனக் குடும்பங்களுக்குக் கைத்தொலைபேசியில், அதுவும் ஆங்கிலத்தில், குறுஞ்செய்தியாகப் போனது. அறிவிக்க வேண்டியவர்கள் இப்படி அறிவித்தால் பிறகு அவர்கள் சொல்கிற உண்மையையும் யார் கேட்பார்கள்? எங்கள் மண்ணில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு ஒரு மந்திரவாதி இரண்டு தேங்காயும் மூங்கில் தொலைநோக்கியும் கொண்டு வந்து விமானத்தைத் தேடினார். இங்கே அந்தப் படத்தைப் பார்த்துச் சிரியோ சிரியென்று சிரித்தார்கள். அப்படிச் சிரித்தவர்களில் இரண்டு பேர் வீட்டில் நகை காணாமல் போனதற்கு மை வெளிச்சம் பார்த்தவர்கள் என்று எனக்குத் தெரியும்.

சரி, கதைகளுக்கு வருவோம்.

போன் அடித்தது: உறவினர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அடித்த சத்தம் கேட்டது. ஆனால் அழைக்கிறவர் காதில் கேட்கிற "ட்ரிங்" அந்தப் பக்கத்துப் போனிலிருந்து வருவதில்லை. வலையமைப்பு எதிராளியின் போனைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே சில இடங்களில் அந்த ஒலியைப் போட்டுவிடும். உண்மையில் பதிவான கைத்தொலைபேசிச் சங்கதி ஒன்றே ஒன்று: துணை விமானியின் கைத்தொலைபேசியைப் பினாங்குப் பக்கம் ஒரு கோபுரம் 1:52க்குக் கண்டது. அழைப்பு ஏதும் போகவில்லை. வீடியோக்காரர்கள் இதை ஏன் பெரிதாகச் சொல்வதில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இதுதான் உண்மையிலேயே நெஞ்சைப் பிடிக்கிற விஷயம்.

திருட்டுக் கடவுச்சீட்டு: இரண்டு பேர் இத்தாலியர் ஒருவரதும் ஒஸ்திரியர் ஒருவரதும் களவுபோன கடவுச்சீட்டுகளில் ஏறியிருந்தார்கள். மறுநாளே உலகம் "பயங்கரவாதி" என்று முடிவுகட்டியது. விசாரித்தால் இருவரும் ஈரானிய இளைஞர்கள், ஒருவருக்கு 18 வயது, மற்றவருக்கு 29. ஐரோப்பாவில் தஞ்சம் கேட்கப் போனவர்கள். உலகத்தில் வேறெந்த ஊருக்கும் இது புதினமாக இருக்கலாம், யாழ்ப்பாணத்துக்கு இருக்கக்கூடாது. ஏஜென்சிக்காரனுக்குக் காணியை ஈடுவைத்துக் காசுகட்டி, தலைமாற்றின பாஸ்போட்டில் பாங்கொக்கிலும் கோலாலம்பூரிலும் மாதக்கணக்கில் காத்துக்கிடந்து போன பிள்ளைகள் இல்லாத ஒழுங்கை ஒன்றைக் காட்டு. அப்படிப் போய்ச் சேர்ந்த ஒருவர்தான் எனக்கு அந்த "ஈரான் சதி" வீடியோவை அனுப்பினார். பெயர் சொல்லமாட்டேன், வாசித்தால் அவருக்கே தெரியும்.

டியாகோ கார்சியா: மாமாவின் தீவு. இலங்கைக்குத் தெற்கே 1,700 கிலோமீற்றருக்கு மேல், அமெரிக்கத் தளம் இருக்கிற பிரித்தானியத் தீவு. இந்தக் கதைக்கு ஊன்றுகோல், மாலைதீவில் குடா ஹுவது என்ற தீவில் சிலர் அன்று காலை 6:15 அளவில் தாழப் பறந்த பெரிய விமானத்தைக் கண்டதாகச் சொன்னது. அவர்கள் எதையோ கண்டிருக்கலாம். ஆனால் மாலைதீவில் 6:15 என்றால் மலேசியாவில் 9:15. 8:19க்கே எரிபொருள் தீர்ந்த விமானம் ஒரு மணித்தியாலம் கழித்து எதில் பறந்தது? இன்னொன்று: அந்தத் தீவில் எதையும் ஒளிக்கலாம் என்கிறவர்களுக்கு எங்கள் ஆட்களின் கதையே பதில். 2021 ஒக்டோபரில் கனடாவுக்கென்று வெளிக்கிட்ட ஈழத்தமிழர் படகொன்று பழுதாகி, அவர்களை அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். யாரும் போக முடியாத அந்தத் தீவுக்கு வழக்கறிஞர்கள் போனார்கள், நீதிமன்றம் போனது, செய்தியாளர்கள் போனார்கள். 2024 டிசம்பரில் பெரும்பாலானோரைப் பிரித்தானியாவுக்கு எடுத்தார்கள். ஒரு மீன்பிடிப் படகை மறைக்க முடியாத இடத்தில் 64 மீற்றர் நீள விமானமும் 239 பேரும் மறைந்திருக்க முடியுமா என்று மாமாவிடம் கேட்டுப் பார்.

காப்புரிமைக் கதையை இரண்டு வரியில் முடிக்கலாம். கணினிச் சிப் செய்கிற ஒரு அமெரிக்க நிறுவனத்தின் ஊழியர் 20 பேர் அதில் இருந்தது உண்மை. அவர்கள் செத்ததால் ஒரு பணக்காரக் குடும்பத்துக்குக் காப்புரிமை போய்ச் சேர்ந்தது என்பது பொய். அந்தக் காப்புரிமையில் பெயருள்ளவர் ஒருவர்கூடப் பயணிகள் பட்டியலில் இல்லை.

நான்கு மாதம் கழித்து, ஜூலை 17, உக்ரேனுக்கு மேல் சுட்டு வீழ்த்தப்பட்ட எம்எச் 17, காணாமல் போன அதே விமானம்தான் என்று ஒரு கதை. காணாமல் போனதன் பதிவெழுத்து 9எம்-எம்ஆர்ஓ. வீழ்ந்தது 9எம்-எம்ஆர்டி. கடைசி எழுத்து வேறு, விமானம் வேறு, செத்த 298 பேரும் வேறு.

இனி யார் செய்தது என்பது. 2018 ஜூலையில் வந்த மலேசிய அறிக்கை 495 பக்கம். விமானம் திரும்பியது தானியங்கியின் கோளாறால் இல்லை, கையால் திருப்பப்பட்டிருக்கிறது, மூன்றாம் ஆளின் தலையீட்டையும் ஒதுக்க முடியாது, காரணத்தை நிர்ணயிக்க முடியவில்லை என்று முடிகிறது. கப்டன் வீட்டிலிருந்த பறப்புப் பாவனைக் கருவியில் (சிமியுலேற்றர்) தெற்கு இந்து சமுத்திரம் வரை போகிற புள்ளிகள் இருந்தது உண்மை, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. அதைவிட அவர்மேல் சந்தேகப்பட அவருடைய நடத்தையில் ஒன்றும் அகப்படவில்லை என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. ஒரு மனிதக் கை இருந்தது என்று நான் நினைக்கிறேன். யாருடைய கை என்று எழுதமாட்டேன். செத்துப்போன ஒருவர் திரும்ப வந்து மறுக்க முடியாது, அவருடைய பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள்.

"அப்ப தெற்கே விழுந்ததுக்கு என்ன சாட்சி, எல்லாம் கணக்குத்தானே" என்று மாமா கேட்பார். 2015 ஜூலை 29, ரியூனியன் தீவில் செந்த் ஆந்த்ரே கரையைத் துப்புரவு செய்தவர்கள் இறக்கைத் துண்டொன்றைக் கண்டார்கள். கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழரின் சந்ததி கோயில் கட்டி வாழ்கிற ஊர் அது. துண்டில் கொட்டலசு அடை அடையாகப் பிடித்திருந்தது. அதற்குள்ளிருந்த இலக்கங்கள் எம்எச் 370இனுடையவை. பிறகு மொரீசியஸ், தன்சானியா, மொசாம்பிக், மடகாஸ்கர் என்று மேற்குக் கரைகளில் இருபதுக்கு மேல் துண்டுகள். கடல் இப்படிக் கொண்டுவருமா என்று வடமராட்சியில் யாரும் கேட்கமாட்டார்கள். வாடைக்காற்று நாளில் மியன்மாரின் மூங்கில் மிதவைகள், மேலே குடிலும் கட்டினபடி, வங்காள விரிகுடாவைத் தாண்டி எங்கள் கரையில் வந்து தட்டினதைப் பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்வரை போனார்கள். மிதவைக்கு ஒரு விரிகுடா. இறக்கைக்கு ஒரு சமுத்திரம், பதினாறு மாதம்.

விமானத்தின் பெரிய உடல் ஏன் கிடைக்கவில்லை? அவுஸ்திரேலியா தலைமையில் 2017 ஜனவரி வரை தேடிய கடலடி 1,20,000 சதுர கிலோமீற்றர். முழு இலங்கையும் 65,610. கிட்டத்தட்ட இரண்டு இலங்கையைச் சுமார் நான்கு கிலோமீற்றர் ஆழத்தில், இருட்டில், ஒலியால் தடவிப் பார்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கப்பல்கள் அகப்பட்டன, விமானம் இல்லை. 2018இல் ஓஷன் இன்பினிட்டி நிறுவனம் கிடைக்காவிட்டால் காசில்லை என்ற பேச்சில் இன்னொரு 1,12,000 தேடியது. அதே பேச்சில் 7 கோடி டொலருக்கு 2025 மார்ச்சில் மறுபடி ஒப்பந்தம். அத்திலாந்திக்கில் 2009இல் விழுந்த ஏர் பிரான்ஸ் 447இன் மிதந்த துண்டுகளைச் சில நாளிலேயே கண்டார்கள். அப்படியிருந்தும் கடலடியில் விமானத்தின் உடலைக் காண 2011 ஏப்ரல் ஆனது.

தூரமும் ஆழமும்தான் காரணம் என்று முழுக்கவும் எண்ணிவிடாதே. எங்கள் பலாலியிலிருந்து கிளம்பிய ஒரு விமானமும் இப்படி மறைந்தது. உன் வயதுக்காரர் பலருக்குத் தெரியாது. 1998 செப்டம்பர் 29, லயன் எயார் 602, இரத்மலானைக்குப் போன அன்ரனோவ் 24. 48 பயணிகள், 7 பணியாளர். கிளம்பிச் சில நிமிடத்தில் ராடரிலிருந்து மறைந்தது. புலிகள் சுட்டார்கள் என்று அன்றே செய்தி. ஆனால் துண்டு இல்லை, உடல் இல்லை. தெற்கு இந்து சமுத்திரமில்லை, எங்கள் சனம் நாளாந்தம் வலைபோடுகிற ஆழம் குறைந்த கடல். அதிலே பதினான்கு வருடம் கிடந்தது. கைதான ஒருவரின் வாக்குமூலத்தை வைத்து 2012 ஒக்டோபரில் இரணைதீவுப் பக்கத்துக் கடலடியில் கடற்படைச் சுழியோடிகள் அதைக் கண்டார்கள். இடத்தைச் சொல்ல ஆள் வந்ததும் கிடைத்தது.

அந்தப் பதினான்கு வருடமும் என்னென்ன கதை! வன்னிக் காட்டுக்குள் இறக்கி வைத்திருக்கினம். கொழும்பில் மறியலில். வள்ளத்தில் தப்பி இந்தியாவுக்குப் போயிட்டினம். நான் அப்போது கப்பலில், வீட்டிலிருந்து வந்த கடிதங்களில் கதை மாறி மாறி வந்தது. எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மாவின் மகன் அதில் போனவன். சாத்திரியார் "கிழக்குப் பக்கம், தண்ணியும் மரமும் உள்ள இடம், உயிர் இருக்கு" என்று சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் அவ ஒரு சாப்பாட்டுக் கோப்பை கூடுதலாகக் கழுவிக் கவிழ்த்து வைப்பா. சித்தப்பாவின் வீடியோவைக் குத்திக் காட்டுகிற என் வாய், அந்தக் கோப்பைக்கு முன்னால் ஒருநாளும் திறந்ததில்லை.

கடலடியிலிருந்து எடுத்த உடுப்புகளையும் சாமான்களையும் பிறகு யாழ்ப்பாணத்தில் அடையாளம் காண வைத்தார்கள். அவவை நான்தான் கூட்டிப்போனேன். மேசை மேசையாக நின்று பார்த்தா. உப்பில் ஊறி நிறம்போன ஒரு சேட்டின் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா, பிறகு வைத்துவிட்டா. வரும்போது ஓட்டோவில் ஒன்றும் பேசவில்லை. படலையில் இறங்கித்தான் சொன்னா:

"அவன்ர ஒண்டும் அங்க இல்லைத் தம்பி. அப்ப..."

அதற்குமேல் சொல்லாமல் உள்ளே போய்விட்டா.